பித்தத்திண்மமும் இயக்குநீர்களும்

(தமிழ்மன்றத் திங்கட் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



'கொழுப்பு' என்னும் சொல்லுக்குத் தமிழில் நெடுங்காலமாக இரு பொருள்கள் உண்டு. ஒன்று, ஊனிலும் நெய்யிலும் உள்ள நெய்ப்பொருள்; மற்றொன்று, செருக்கு. "அவனுக்குக் கொழுப்பு மிகுந்துவிட்டது" என்றால் ஊரார் இரண்டாம் பொருளையே கொள்வர். அண்மைக் காலத்தில் மூன்றாம் பொருளொன்றும் அச் சொல்லின் தலையில் ஏற்றப்பட்டுள்ளது. குருதியை ஆய்ந்த மருத்துவர் ஆங்கிலத்தில் 'கொலசுட்ரால்' என்று எழுதித் தருகிறார். அருகில் நிற்பவர் அதனைக் 'கொழுப்பு' என்று பெயர்த்துச் சொல்கிறார். கேட்ட உழவர் வீட்டிற்குச் சென்று நல்லெண்ணெயை நிறுத்திவிட்டு, 'கொலசுட்ரால் அற்றது' என்று புட்டியின்மேல் பொறிக்கப்பட்ட எண்ணெயைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார். எள், கடலை, தேங்காய் முதலிய நிலைத்திணை எண்ணெய் எதிலும் அப்பொருள் இருப்பதில்லை. இருந்தாலும் கணக்கில் கொள்ளத்தகாத நுண்ணளவே. எள்ளில் என்றும் இல்லாத ஒன்றை 'இல்லை' என்று எழுதியே காசு பார்க்கிறான் வணிகன். சொல்லில் நேர்ந்த பிழைக்கு ஏழையின் மடியிலிருந்து பணம் போகிறது.

ஆகவே முதற்கண் சொல்லைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் வேண்டும். நெய்யிலும் எண்ணெயிலும் உள்ள கொழுப்பு, உடலில் எரிந்து ஆற்றலாகும் பொருள். கொலசுட்ராலோ எரியாது. அதன் கட்டமைப்பை உடைத்து ஆற்றலாக்கும் திறம் மாந்தவுடலுக்கு இல்லை. அது விறகன்று, வீடு கட்டும் மரம். பித்தப்பையில் தோன்றும் கற்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இப் பொருளுக்கு 1815ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு வேதியியலறிஞர் செவ்ரூல் பெயரிட்டார். கிரேக்கத்தில் 'கோலே' என்பது பித்தம். 'சுடெரியோசு' என்பது திண்ணியது. பித்தத்தில் கிடைத்த திண்பொருள் என்பதே அப்பெயரின் பொருள். எனவே 'பித்தத்திண்மம்' என்பது நேரான தமிழ். இதன் இனத்தைச் சேர்ந்த பொருள்களையெல்லாம் ஆங்கிலத்தில் 'சுடீராய்டு' என்கின்றனர். அச் சொல்லிலும் அதே 'சுடெரியோசு' இருத்தலால், அதனைத் 'திண்மியம்' எனலாம். இவ்வுரையில் இவ்விரு சொற்களே ஆளப்பெறும். இவற்றினும் நல்ல சொல் எவர்க்கேனும் தோன்றுமாயின் இவற்றைக் கைவிடுவதில் இழப்பொன்றுமில்லை.

பித்தத்திண்மத்தின் ஒரு மூலக்கூறில் கரியணுக்கள் 27, நீர்வளியணுக்கள் 46, உயிர்வளியணு ஒன்று. நான்கு வளையங்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. மூன்று அறுகோணம், ஒன்று ஐங்கோணம். பின்னால் ஒரு வால். இவ்வமைப்பைக் கண்டறிய நூறாண்டுக்கு மேலாயிற்று. செருமானிய அறிஞர் வீலாண்டு 1927ஆம் ஆண்டிற்கும், விந்தவுசு 1928ஆம் ஆண்டிற்கும் இத்துறை ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றனர். ஆயினும் அவர்கள் வரைந்து காட்டிய அமைப்பில் பிழை இருந்தது. ஊடுகதிர் கொண்டு பெர்னால் என்பார் ஆய்ந்தபோது மூலக்கூறின் நீள அகலம் அவ்வரைவோடு பொருந்தவில்லை. 1932ஆம் ஆண்டில் அமைப்புத் திருத்தப்பட்டது. திருத்தியவர்களுள் வீலாண்டும் ஒருவர். உலகம் போற்றிப் பரிசளித்த பின்னும் தம் பிழையைத் தாமே களைந்துகொண்ட இப் பண்பு, நம்மவருள் உரையாசிரியர் சிலர்க்கும் வாய்த்திருந்தால் எத்துணைப் பூசல்கள் குறைந்திருக்கும்!

இப்பொருள் உடலில் எவ்வாறு உண்டாகிறது? இவ் வினாவிற்கு விடை கண்டவர்களுள் தலையாயவர் கான்ராடு பிளாக்கு. 1912இல் அந்நாளைய செருமனியில் பிறந்த யூதர். இட்லரின் கொடுமைக்கு அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்கா சேர்ந்தவர். காடிக்குப் புளிப்பைத் தருகின்ற அசெட்டிக்குப் புளியம் என்னும் சிறு பொருளை அவர் எடுத்துக்கொண்டார். அதில் இரண்டே கரியணுக்கள். அவற்றை எடை மிகுந்த அணுக்களால் அடையாளப்படுத்தி விலங்குகளுக்கு ஊட்டினார். பிறகு அவற்றின் உடலிலிருந்து எடுத்த பித்தத்திண்மத்தில் அவ்வடையாளம் இருந்தது. 27 கரியணுக்களுள் 15, அவ்விரண்டில் ஒன்றன் வழிவந்தவை. 12, மற்றதன் வழிவந்தவை. வேறு எங்கிருந்தும் ஒன்றுகூட வரவில்லை! இதே ஆய்வில் ஈடுபட்ட செருமானியர் லினனும் அவரும் 1964இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இம் மாற்றத்தின் படிகள் முப்பதுக்கு மேல். எழுத்துப் புணர்ச்சி பயின்ற தமிழ் மாணவனுக்கு இதனை விளக்குவது எளிது. நிலைமொழியும் வருமொழியும் சேருங்கால் தோன்றல், திரிதல், கெடுதல் நிகழ்வதுபோலவே இங்கும் நிகழ்கின்றன. இரண்டு கரியணுவுள்ள துண்டுகள் மூன்று சேர்ந்து ஆறாகின்றன. அவ்வாறில் ஒன்று கெட்டு ஐந்தாகிறது. இந்த ஐந்தணுத் துண்டு வியப்பிற்குரியது. தொய்வ மரத்தின் பாலும் இதே துண்டுகளின் கோவையே. ஐந்தணுத் துண்டுகள் ஆறு இணைந்து முப்பது அணுக்கொண்ட நீண்ட இழையாகின்றன. இவ்விழைக்கு 'சுகுவாலீன்' என்று பெயர். சப்பானிய அறிஞர் சுசிமோட்டோ 1906இல் சுறாமீனின் ஈரலெண்ணெயில் முதலிற் கண்டது. அவ்விழை உயிர்வளியின் துணையால் மடிந்து சுருண்டு நான்கு வளையங்களாகப் பூட்டிக்கொள்கிறது. இறுதியில் மூன்று அணுக்கள் கெட, எஞ்சுவது 27. உடலின் உயிரணுக்கள் பெரும்பாலும் எல்லாமே இவ்வேலையைச் செய்ய வல்லவை. கல்லீரல் அவற்றுள் பெருந்தச்சன். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் உடலிலேயே ஆக்கப்படுகிறது. உணவால் வருவது அதனினும் மிகக் குறைவு.

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஆக்கும் வழியில் தொடக்கத்திலேயே ஒரு மதகு இருக்கிறது. மெவலோனிக்குப் புளியத்தை உண்டாக்கும் நொதியே அம் மதகு. உணவிலிருந்து பித்தத்திண்மம் மிகுதியாக வந்தால் கல்லீரல் மதகைத் தாழ்த்திக்கொள்ளும்; குறைந்தால் உயர்த்தும். ஆகவேதான் முட்டையின் மஞ்சட்கருவில் 200 மில்லிகிராம் அளவிற்கு இப்பொருள் இருந்தும், பெரும்பாலார்க்கு முட்டை தின்ற அளவிற்குக் குருதியில் அது ஏறுவதில்லை. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் ஆகாது என்று நெடுநாள் கூறிவந்த அமெரிக்க உணவு நெறியும் 2015இல் அவ்வரம்பை எடுத்துவிட்டது. குருதியில் அதனை மிகவும் ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. வெண்ணெய், நெய், கொழுத்த இறைச்சி முதலியவற்றில் மிகுதியாக இருப்பது. தேங்காயெண்ணெயில் பித்தத்திண்மம் இல்லை. ஆயின் நிறைவுற்ற கொழுப்பு உண்டு. 'அற்றது' என்னும் பொறிப்பின் ஏமாற்று இதனால் இன்னும் விளங்கும்.

நெய்ப்பசையுள்ள இப்பொருள் குருதியாகிய நீரில் கரையாது. ஆதலின் புரதத்தாலான தோணிகளில் ஏற்றியே அனுப்பப்படுகிறது. கல்லீரலிலிருந்து ஊருக்குச் சரக்கேற்றிச் செல்லும் தோணி ஒன்று. ஊரில் எஞ்சியதைத் திருப்பிக் கொணரும் தோணி வேறொன்று. முன்னதைத் 'தீய கொழுப்பு' என்றும் பின்னதை 'நல்ல கொழுப்பு' என்றும் இதழ்கள் எழுதுகின்றன. இரண்டிலும் உள்ள சரக்கு ஒன்றே! தீமை சரக்கிலன்று, கொண்டுசெல்லும் தோணிகள் துறை காணாது குருதிக்குழாயின் சுவரில் மோதித் தங்குவதில் இருக்கிறது. அமெரிக்க நாட்டு டல்லாசு நகரத்து மருத்துவர்கள் பிரவுன், கோல்டுசுடீன் இருவரும், பத்து வயதிற்குள்ளேயே நெஞ்சாங்குலை அடைப்புற்ற குழந்தைகளை ஆய்ந்தனர். அக் குழந்தைகளின் உயிரணுக்களில் அத் தோணியைப் பிடித்து உள்ளே இழுக்கும் துறையே இல்லை என்று கண்டனர். 1985இல் அவர்கட்கு நோபல் பரிசு கிடைத்தது. தாய் தந்தையருள் ஒருவர் வழியாக மட்டும் இக்குறை பெற்றவர் ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவர். நாற்பது வயதில் நெஞ்சு வலியால் மாண்டவர் குடும்பத்தில் உண்டெனின், எஞ்சியோர் குருதியை ஆய்ந்து பார்த்துக்கொள்வது கடன்.

அம் மதகை மருந்தால் அடைக்கலாம் என்று கண்டவர் சப்பானியர் அகிரா எண்டோ. 1971இல் தொடங்கி ஆறாயிரம் அளவிலான நுண்ணுயிர் வகைகளை ஆய்ந்து, கியோட்டோ நகரத்து அரிசிக் கடையொன்றின் அரிசியில் பூத்த நீலப்பூசணத்திலிருந்து 1973இல் அம் மருந்தைப் பிரித்தார். இன்று கோடிக்கணக்கானோர் உட்கொள்ளும் 'சுடாட்டின்' மருந்துகளுக்கெல்லாம் மூத்தது அது. 2024இல் அவர் மறைந்தார். அவர் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் பயின்றது தம் தாய்மொழியில். ஆங்கிலமின்றி அறிவியல் இல்லை என்று மேடைதோறும் முழங்குவோர் இதனைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இனி, உடல் இப்பொருளை எதற்குப் பயன்படுத்துகிறது என்பது. ஒவ்வோர் உயிரணுவின் சுற்றுச்சுவரிலும் அது இருக்கிறது. சுவர் கூழாகவும் கட்டையாகவும் ஆகிவிடாமல் காக்கிறது. உடலெடையில் நூற்றுக்கு இரண்டு பங்கேயாகிய மூளை, உடலிலுள்ள பித்தத்திண்மத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை வைத்திருக்கிறது. கல்லீரல் நாள்தோறும் அரைக் கிராம் அளவைப் பித்தப்புளியமாக மாற்றிக் குடலுக்கு விடுகிறது. நெய்யும் எண்ணெயும் செரிப்பது அதனால். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு மீண்டும் குடலால் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகிறது. அவரை, பயறு போன்ற நார்மிகு உணவு அதில் ஒரு பகுதியைப் பற்றிக்கொண்டு வெளியேற்றும். அவ் விடத்தை நிரப்பக் கல்லீரல் குருதியிலுள்ள பித்தத்திண்மத்தை எடுத்துக்கொள்ளும். ஏழையின் பயற்றங்கஞ்சிக்கு இப்படியொரு பயனுண்டு. தோலில் இதன் முன்வடிவம் ஒன்றின்மீது ஞாயிற்றின் புறவூதாக்கதிர் பட்டால் எலும்பை உறுதியாக்கும் 'டி' உயிரூட்டம் உண்டாகிறது.

இவற்றினும் பெருவியப்பு இயக்குநீர்கள். 'ஆர்மோன்' என்னும் சொல்லை 1905இல் ஆங்கில மருத்துவர் சுடார்லிங்கு வழங்கினார். 'இயக்குவது' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது அது. தமிழில் 'இயக்குநீர்' என்று ஆக்கியவர் எவராயினும் அவர் பொருளறிந்து ஆக்கினார். சிறுநீரகம் ஒவ்வொன்றின் தலையிலும் நான்கைந்து கிராம் எடையுள்ள சுரப்பியொன்று தொப்பிபோல் அமர்ந்திருக்கிறது. அதற்கு அண்ணீரகச் சுரப்பி என்று பெயர். அண்டை, அண்மை என்பவற்றிலுள்ள 'அண்' என்னும் அடியோடு 'நீரகம்' சேர்ந்தது. ஆங்கிலப் பெயரும் இலத்தீனில் 'சிறுநீரகத்தை அடுத்தது' என்றே பொருள்படும். அச் சுரப்பியின் புறணியும், கருப்பையை அடுத்த சூலகமும், ஆணின் விரையும் பித்தத்திண்மத்தை வாங்கி, முதற்படியாக அதன் வாலை வெட்டி 21 கரியணுவாக்குகின்றன. அதன்பின் சிறுசிறு மாற்றம். ஒருவகையில் மாற்றினால் உப்பையும் நீரையும் காக்கும் இயக்குநீர். வேறுவகையில் மாற்றினால் 'கார்ட்டிசால்' என்னும் புறணிநீர். இன்னொரு வகையில் கருவைத் தாங்கும் இயக்குநீர். இரண்டு கரியணு குறைந்து 19 ஆயின் ஆண்மை இயக்குநீர். அதிலிருந்தே மேலும் ஒரு கரியணுவையும் நான்கு நீர்வளியணுக்களையும் நீக்கிப் பெண்மை இயக்குநீர் ஆக்கப்படுகிறது. மீசைக்கும் மார்பகத்திற்கும் இடையிலுள்ள வேறுபாடு இவ்வளவே! ஆணே உயர்ந்தவன் என்று மார்தட்டும் ஆடவர் குருதியிலும் பெண்மைநீர் உண்டு. பெண்ணின் குருதியிலும் ஆண்மைநீர் உண்டு.

இவற்றின் அளவு மிகச் சிறிது. ஆண்மை இயக்குநீர் இனத்துப் பொருளொன்றைப் பதினைந்து மில்லிகிராம் பெறுவதற்காக, செருமானிய அறிஞர் பூட்டனாண்டு 1931இல் காவலர்களின் சிறுநீர் பதினையாயிரம் லிட்டரைக் காய்ச்சி வடிக்க வேண்டியிருந்தது. 1939இல் அவருக்கு அளிக்கப்பட்ட நோபல் பரிசை ஏற்கவிடாமல் நாட்சி அரசு தடுத்துவிட்டது. பட்டயம் அவர் கைக்கு 1949இல்தான் சேர்ந்தது.

புறணிநீர் விடியற்காலையில் மிகுந்தும் நள்ளிரவில் குறைந்தும் சுரப்பது. காய்ச்சல், காயம், அச்சம் முதலியன நேருங்கால் குருதியழுத்தமும் குருதிச் சருக்கரையும் வீழாமல் தாங்கி நிற்பது அதுவே. அண்ணீரகம் அழிந்தவர் மெலிந்து கறுத்துச் சாவதை 1855இல் இலண்டன் மருத்துவர் ஆடிசன் எழுதிவைத்தார். 1948ஆம் ஆண்டு செட்டம்பர் திங்களில், அமெரிக்க நாட்டு இராச்செசுட்டர் நகரில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த பெண்ணொருத்திக்கு இவ்வினத் திண்மியமாகிய கார்ட்டிசோனை ஊசிவழிச் செலுத்தினர். சில நாளில் அவள் எழுந்து நடந்தாள். எஞ்சு, கெண்டல், இரைக்குசுடீன் மூவர்க்கும் 1950இல் நோபல் பரிசு. உலகமே கொண்டாடிற்று. ஆயின் மருந்து நீடித்தபோது முகம் நிலவுபோல் வீங்கிற்று, எலும்பு நொய்ந்தது, சருக்கரை ஏறிற்று, நோயை எதிர்க்கும் ஆற்றல் தாழ்ந்தது.

உயிர்காக்கும் மருந்தன்று அது என்று சொல்லிவிடக் கூடாது. 2020ஆம் ஆண்டு சூன் திங்களில், கொரோனா நோயால் மூச்சுப்பொறியில் கிடந்தவர்களுள் மாண்டிருப்போரில் மூவரில் ஒருவரை 'டெக்சாமெத்தசோன்' என்னும் மலிவான திண்மியம் காத்ததென்று இங்கிலாந்து ஆய்வு காட்டிற்று. அடுத்த ஆண்டே, சருக்கரை நோயுள்ளோர்க்கும் அளவின்றியும் தேவையின்றியும் அதே மருந்து கொடுக்கப்பட்டதும் ஒரு கரணியமாகக் கரும்பூசண நோய் இந்திய நாடெங்கும் பரவிக் கண்களையும் உயிர்களையும் பறித்தது. மருந்து ஒன்றே. அறிந்து கொடுத்தவிடத்தும் அறியாது கொடுத்தவிடத்தும் விளைந்தவை வேறு.

இன்னொரு கேடு, முகத்தை வெளுப்பாக்கும் களிம்பு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற கடுந்திண்மியங்கள் கலந்த களிம்புகளை மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி நம் பெண்மக்கள் நாள்தோறும் பூசுகின்றனர். தோல் மெலிகிறது, குருதிநாளம் சிவந்து தெரிகிறது, பருவும் மயிரும் முளைக்கின்றன, நிறுத்தினால் எரிகிறது, ஆகவே மீண்டும் பூசுகின்றனர். இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென்று 2018இல் இந்திய அரசு ஆணையிட்டது. ஆணை தாளில் இருக்கிறது. கருநிறம் இழிவென்னும் நச்செண்ணமோ உள்ளத்தில் இருக்கிறது. மாயோனையும் காளியையும் கருநிறத்தில் வழிபட்ட இனத்தின் மகள், தன் கன்னத்தின் கருமையைச் சுரண்டியெடுக்கக் காசு கொடுக்கிறாள்!

இவையெல்லாவற்றினும் கொடியது சொல்லாமையால் வரும் சாவு. திண்மிய மாத்திரையை மூன்று கிழமைக்கு மேல் உட்கொண்டால், வெளியிலிருந்து வருவதைக் கண்ட அண்ணீரகம் தன் வேலையை நிறுத்தி உறங்கிவிடக்கூடும். மாத்திரையைத் திடுமென நிறுத்தினால் உள்ளும் இல்லை, புறமும் இல்லை. அந்நேரத்தில் காய்ச்சலோ கக்கலோ வந்தால் குருதியழுத்தம் சரிந்து உயிர் போகலாம். சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினால் சுரப்பி விழித்துக்கொள்ளும். மூச்சிரைப்பிற்கோ மூட்டு வலிக்கோ மாத்திரை வாங்கி உண்டு, நலமானதும் "இனி எதற்கு?" என்று நிறுத்தும் எளிய மக்களுக்கு இச் செய்தியைச் சொல்வார் யார்? மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் எழுதியிருக்கிறது. ஆங்கிலத்தில், எறும்பின் கால் அளவு எழுத்தில். பெயர் தெரியாத 'நாட்டுத்தூள்' சிலவற்றில் இம் மருந்தையே கலந்து விற்கும் கயவரும் உளர். அங்கே தாளும் இல்லை.

பிரித்தானியத்தில் இம் மருந்து நீடித்து உண்போர்க்கு நீலநிற அட்டையொன்று கொடுப்பது நெடுநாள் வழக்கம். 2020இல் நெருக்கடிக் காலத்திற்கெனச் சிவப்பு அட்டையும் வந்தது. அந்நாட்டு மக்கள் மொழியில்தான் அவை அச்சிடப்பட்டுள்ளன. தமிழ்நாட்டு மருத்துவமனைகளிலும் மருந்துக்கடைகளிலும் தமிழில் அத்தகைய அட்டை கொடுக்கப்பெற வேண்டும். கேட்டால் "தமிழில் எப்படி எழுதுவது?" என்பர். இப்படி எழுதலாம்:

"இவ்வட்டையுடையவர் திண்மிய மருந்து, அதாவது சுடீராய்டு, உட்கொள்பவர். இம் மருந்தைத் திடீரென நிறுத்தக் கூடாது. காய்ச்சல், காயம், அறுவை மருத்துவம் ஆகிய காலங்களில் மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், மருத்துவரைக் கேட்கவும். கக்கலால் மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றாலோ, இவர் மயங்கிக் கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசென்று இவ்வட்டையைக் காட்டவும். மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய நாள், மருத்துவரின் பெயர் கீழே."

அவையிலுள்ள மருத்துவ மாணவர்களும் மருந்துக்கடை நடத்துவோரும் இவ்வரைவைப் படியெடுத்துச் செல்க. பிழையோ குறையோ இருப்பின் திருத்தி, அடுத்த திங்கட் கூட்டத்திற்கு எழுதிக் கொணர்க.